வேண்டாம் என்று சொன்ன தலைவர்

மெல்பேர்ணில் எனக்குக் கிடைத்த முதல் ஆசிரிய வேலையில் அமெரிக்க வரலாறு படிப்பிக்கச் சொன்னார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி. நோபல் பார்க்குக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்கப் பாடசாலை. அந்தப் பாடத்தை எடுத்துவந்தவர் தவணை நடுவில் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். பாடசாலை அதிபர் என் பட்டச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரலாறு என்றால் எல்லாம் வரலாறுதானே என்றார். நான் படித்தது சோழரையும் ஒல்லாந்தரையும். அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கொழும்பில் பார்த்த கௌபோய் படங்கள்தான். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அன்று வந்த கோபத்தை விழுங்கிவிட்டுச் சரி என்றேன். வேலை வேண்டுமே.

பிள்ளைகளைவிட ஓர் அத்தியாயம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பொய்முடி வைத்த கனவான்கள் கூடிக் கூடிப் பேசி ஒரு நாட்டை உண்டாக்கிய கதை முதலில் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஒருவரைப் பற்றி வாசித்தபோது மட்டும் நின்றுவிட்டேன். இங்கிலாந்து அரசரோடு நடந்த போரில் வென்ற படை முழுவதும் அவர் கையில் இருந்தது. ராஜாவாக இரும் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு கூப்பிட்டு முதல் ஜனாதிபதி ஆக்கினார்கள். இரண்டு தவணை இருந்தார். மூன்றாவது தவணையும் அவருக்கு நிச்சயம் கிடைத்திருக்கும். அதற்கும் நிற்காமல் மறுபடி வீட்டுக்குப் போனார்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. அவருக்கு ஏதாவது வருத்தமோ, நோயோ என்று ஒருத்தி கேட்டாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் தலைநகர் கன்பராவில் ஒரு பிரதமரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதைப் பற்றிச் சாப்பாட்டு மேசைச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். யாரும் தள்ளாமல் ஒருவர் தானாக இறங்குவார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நம்பமுடியாததாக இருந்தது. எங்கள் ஊர்த் தலைவர்களைப் பார்த்து வளர்ந்த நானும் உள்ளூர நம்பவில்லை. புத்தகத்தில் இருந்த விளக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் திரும்பிப்போன அந்த வீடு ஒரு பெரிய பண்ணை. அதில் வேலை செய்தவர்கள் அடிமைகள். புத்தகம் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது. பெருந்தன்மையைப் பற்றி எங்கே வாசித்தாலும், அந்த நேரம் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் மிகச் சிறியது. எல்லாக் குடும்பங்களும் ஒரு சாரணர் மண்டபத்துக்குள் அடங்கிவிடும். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, மத்தியானம் வீட்டுக்கு ஒரு சட்டி கொண்டுவந்து எல்லோருமாகச் சாப்பாடு. மண்டபத்தில் கூடாரத் துணியின் மக்கல் மணம் இருக்கும். அரை மணி நேரத்தில் எங்கள் கத்தரிக்காய்க் குழம்பு அதை வென்றுவிடும்.

சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு டொக்டர். டண்டினோங் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ யார் வந்து இறங்கினாலும் விமான நிலையத்தில் அவருடைய நீல நிற ஸ்டேஷன் வேகன் நிற்கும். முதல் கிழமை, ஏழு நாளும், அவர் வீட்டில்தான் படுக்கை. முதல் கம்பளி உடுப்பு அவருடைய மனைவியின் அலுமாரியிலிருந்துதான் வரும். நானும் என் கணவரும் அப்படித்தான் வந்தோம். அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிடாத ஒரு தமிழர் அன்று மெல்பேர்ணில் இல்லை. அதனால் அவருக்கு எதிராகப் பேசுகிற ஒருவரும் இல்லை. இதை ஒரு குறையென்று அன்று யாரும் நினைக்கவில்லை.

என் கணவர் சங்கத்தின் செயலாளர். நல்ல மனிதர், ஒழுங்கு தவறாதவர், தலைவர் சொன்னால் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை என்று நினைப்பவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து தலைவரின் பெயரை முன்மொழிவார். இன்னொருவர் வழிமொழிவார். தலைவர், வேண்டாம், இளம் ஆக்கள் வரட்டும் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம் என்பார். பிறகு கைதட்டல். ஏகமனதாகத் தெரிவு என்று என் கணவர் எழுதிவிடுவார். யாருடைய கையும் மேலே போனதில்லை.

இதில் யாருக்கும் கள்ளம் இல்லை. எங்கள் ஆட்களிடம் முதல் ‘வேண்டாம்’ ஒரு மரியாதை. ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டவுடன் ஓம் என்று சொல்லமாட்டோம். இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்போம். வீட்டுக்காரர் காதில் வாங்காமல் கொண்டுவந்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அந்த வீட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே திரும்புவோம். மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். அவர் சரி என்று சொல்லித் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். ஒரு மணி நேரம் அவர் குடிப்பதைப் பார்த்தபடி நாக்கு வறண்டு இருந்துவிட்டு வந்தேன். பண்பில்லாத மனுசி என்று வீட்டில் வந்து கத்தினேன். அவர் என் சொல்லை மதித்தார் என்பது விளங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அந்த மண்டபத்தில் எனக்கு மிக நெருக்கமானவள் ஒருத்தி. என்னைவிட இளையவள், டொக்டர் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் ஊர்ப்பக்கம்தான். கணவர் சிங்களவர். இரண்டு பிள்ளைகள். கணவர் கார்த் தொழிற்சாலையில் வரைபடம் வரைகிற வேலை, அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமைகளில் எங்கள் கதிரைகளை விரிப்பதும் கடைசியில் மடக்கி அடுக்குவதும் அவர்தான். அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசுவதற்குத் தாயை விட்டால் அந்த மண்டபம்தான். அதை விட்டால் அவர்களுக்கு இந்த நாட்டில் தமிழ் என்று ஒன்று இல்லை.

எழுபத்தேழு ஆவணியில் ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம். தொலைபேசி கிடைக்கவில்லை. கிடைத்தபோது கேட்கக்கூடாததெல்லாம் கேட்டோம். கொழும்பில் என் அண்ணாவின் வீடு எரிந்தது. அவர் குடும்பத்தோடு ஒரு பாடசாலை அகதி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் வடக்கே போனார். டொக்டரின் தங்கையின் கணவரைக் கொன்றுவிட்டார்கள். செய்தி வந்த அன்றே எல்லோரும் அவர் வீட்டில் கூடினோம். ஆண்கள் முன் அறையில், நாங்கள் குசினியில். அழுகிறவர்கள் அழ, மற்றவர்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். முன் அறையில் என்ன முடிவானது என்று திரும்பிப் போகும்போது காருக்குள்தான் எனக்குத் தெரியவந்தது.

இனிச் சிங்கள வீட்டார் ஒருவருக்கும் எங்கள் மண்டபத்தில் இடமில்லை என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்தத் தாதிப் பிள்ளையின் வீடு என்று யாரோ மெல்லக் கேட்டிருக்கிறார்கள். வீடு என்றால் முழு வீடும்தான் என்று அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லையாம். அண்ணாவை நினைத்து அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்திவிட்டு, வீடு வரும்வரை என் கணவரோடு சண்டை பிடித்தேன். நீங்களாவது கேட்டிருக்கலாமே என்றேன். செத்தவீட்டில் ஒரு மனிசனை எதிர்த்துக் கதைக்கிறதோ என்றார் அவர். முடிவை அவளுக்கு நீர் சொல்லும், நீர்தானே நெருக்கம் என்று அவர் சொன்னபோது முடியவே முடியாது என்றேன். செயலாளர் நீங்கள், நீங்களே சொல்லுங்கோ என்றேன்.

அவர் தொலைபேசியில் சொன்னார். பக்கத்தில் நின்றேன். ஓம், விளங்குது என்று மட்டும் சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கதிரைகளை விரிக்க ஆளில்லாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. நான் அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவளும் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள்தான், சனிக்கிழமை காலையில் ஏன் போவதில்லை என்று இங்கிலீசில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் தமிழில் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் டொக்டர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் பின்வளவில் புல்லு வெட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்காது. டொக்டர் மெலிந்திருந்தார். வந்ததும் வராததுமாக, அந்த அமெரிக்கக்காரன் பதவியை விட்டுப் போனான் என்று நீர் ஒருநாள் சொன்னீரே, போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டாவதாக வேறொருவர் வந்தார், சண்டையும் சச்சரவுமாக நாடு நடந்தது, ஆனால் நடந்தது என்றேன். இரண்டாவதாக வந்தவரைப் பற்றியும் சொன்னேன். அவர் இளம் வழக்கறிஞராக இருந்த காலத்தில், தன் ஊர்ச் சனத்தைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடியவர். ஊர் முழுக்க அவரைத் திட்டியது.

டொக்டர் அந்தத் தாதியைப் பற்றித் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் வார்டில் அவளைக் காண்கிறாராம். முன்பு போலவே குட் மோர்னிங் டொக்டர் என்கிறாளாம். அவளுடைய முகத்தில் ஒரு கோபம் தெரிந்தாலாவது தாங்கலாம் என்றார்.

"பிழை எண்டு எனக்கு அடுத்த நாளே தெரியும். துக்கத்தில சொல்லிப்போட்டன். ஆனா அந்த அறைக்குள்ள அத்தினை பேர் இருந்தும் ஒருத்தரும் பிழை எண்டு சொல்லேல்லை. அதுதான் எனக்கு இப்ப பயமாக்கிடக்கு."

அப்படியென்றால் வருகிற சனிக்கிழமையே நீங்கள் மாற்றிச் சொல்லுங்கள், ஒரு சொல் போதும் என்றேன்.

"நான் சொல்லி மாத்தினா அதுவும் என்ர சொல்தான். நாளைக்கு இன்னொருத்தன் அந்தக் கதிரையில இருந்து வேற சொல்லுவான். சனம் அதையும் கேக்கும்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. என்னை விமான நிலையத்தில் வந்து ஏற்றிய மனிதர் என்பதையும் மறந்தேன். உங்கட தத்துவத்துக்கு அவளின்ர பிள்ளையளோ விலை என்று கேட்டேன். இந்தப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவியை விடப்போகிறேன், அதற்குப் பிறகு அவர்களைத் திருப்பிச் சேர்க்கச் சொல்லி நீர் பிரேரணை கொண்டுவாரும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். நான் ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

கார்த்திகையில் பொதுக்கூட்டம். இந்த நாட்டில் அது கோடை தொடங்கும் காலம், வெளியே வடக்கிலிருந்து அனல் காற்று. என் கணவர் வழமைபோல எழுந்து முன்மொழிந்தார். டொக்டர் வேண்டாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையாகவே வேண்டாம் என்றார். அதற்கும் சிரித்தார்கள். இந்த முறை நான் நிற்கவில்லை, விளங்குதோ என்று குரலை உயர்த்தினார். கைதட்டல் தொடங்கிவிட்டது. ஒரு மனிதர் எத்தனை அழகாக மறுக்கிறார் என்ற சந்தோசம் அந்த முகங்களில் இருந்தது. என் கணவர் ஏகமனதாக என்று எழுதிக்கொண்டிருந்தார்.

டொக்டர் மேடையிலிருந்து இறங்கினார். மண்டபத் திறப்பை, அந்தச் சாவிக் கொத்தை, மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் ஒரு கதிரையில் போய் இருந்தார். அப்போதும் அவர்களுக்கு விளங்கவில்லை. வருவார், வருவார் என்று காத்திருந்தார்கள். மேடையில் வெறுங் கதிரை. இரண்டு பேர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. இப்படியே இருந்தால் இருட்டிவிடும் என்று நான் எழுந்தேன். அந்தச் சங்கத்தில் ஒரு பெண் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. பேச்சு என்று சொல்லவும் முடியாது.

"அவர் வேண்டாம் எண்டா வேண்டாம்தான். வேற ஆரையும் போடுங்கோ."

என் கணவரின் முகம் போன போக்கை நான் சொல்லத் தேவையில்லை. தன் புருசனைத் தலைவராக்கத்தான் இந்த அவசரம் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அது என் கணவருக்கும் கேட்டது. அதனாலேயே அவர் தன் பெயரை யாரும் சொல்லவிடவில்லை. கடைசியில் ஒரு பொறியியலாளர் தலைவரானார். கெட்டிக்காரர், குரல் பெரிது. அன்றுதான் எங்கள் மண்டபத்தில் முதல்முறையாகக் கைகள் மேலே போயின.

உடனே நான் பிரேரணையைச் சொன்னேன். அந்தக் குடும்பத்தைத் திருப்பிச் சேர்க்கவேண்டும். புதிய தலைவர் வாக்குக்கு விட்டார். முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பி, பின்வரிசையில் டொக்டரின் கையைப் பார்த்தார்கள். அவர் கை உயர்ந்தால் தங்கள் கையும் உயரும். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உயர்த்துகிறவர்கள் உயர்த்தி முடிந்த பிறகு, எல்லோரும் திரும்பி முன்னால் பார்த்த பிறகு, கடைசியாக அவருடைய கை உயர்ந்தது. பிரேரணை தோற்றது.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். ஒரு நிமிசம் முன்னால் உயர்த்தியிருந்தால் வென்றிருக்கும் என்று கத்தினேன். அழுதுகொண்டுதான் கத்தினேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அது என்ர கைதான் வென்றிருக்கும். அடுத்த வருசமும் கேளும், பிள்ளை."

ஒரு வருடம் என்பது அவருக்கு லேசாக இருக்கலாம், தமிழை மறந்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு லேசில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பல நாள் அவரோடு பேசவில்லை. அன்று அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் அவர் என்ன செய்தார் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போனார். ஸ்பிரிங்வேல், கிளேட்டன், நோபல் பார்க். தலைவராக இல்லை, வெறும் ஆளாக. துக்கத்தில் நான் விட்ட பிழை இது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். முன்பென்றால் அவரைக் கண்டதும் எழுந்து நின்றவர்கள் இப்போது வாதாடினார்கள். சிலர் கடுமையாகப் பேசினார்கள். மைத்துனன் செத்த சூடு ஆறுவதற்கு முன் சிங்களவனுக்குக் குடை பிடிக்கிறார் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வீட்டில், கார் முற்றத்தில் நிற்கக் கதவு திறக்கவில்லை. இந்த நாட்டில் அந்தக் குடும்பத்தின் முதல் கிழமை முழுவதும் அவர் வீட்டில்தான் கழிந்தது.

என் தோழியின் வீட்டுக்கும் போயிருக்கிறார். கதவைத் திறந்தது அவளுடைய கணவர். டொக்டர் உள்ளே வராமல், கணவரும் பிள்ளைகளும் கேட்க, பிழை விட்டது நான்தான் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம். அவள் இதை என்னிடம் சொன்னபோது சந்தோசமாகவும் சொல்லவில்லை, வெறுப்பாகவும் சொல்லவில்லை. உள்ளே வரச்சொல்லிக் கேட்டாயா என்றேன். கேட்டனான், வேண்டாம் எண்டார், விட்டிட்டன் என்றாள்.

மறு வருடக் கூட்டத்தில் நான் மறுபடி எழுந்தேன். இந்த முறை யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரோடொருவர் வாதாடினார்கள், கோபப்பட்டார்கள், ஒருவர் எழுந்து வெளியே போனார். என் கணவர் பேனையை வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. பிரேரணை வென்றது.

நேரே அவள் வீட்டுக்குக் கார் ஓடினேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையைக் கழுவாமலே நின்றாள்.

"எதிர்த்துக் கை தூக்கினது ஆர் ஆர் அக்கா?"

அது எதற்கு இப்போது என்றேன். சனிக்கிழமை போய் அவர்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கவேண்டும், தெரிந்துகொண்டு இருப்பது நல்லது என்றாள். சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவள் பிள்ளைகளோடு வந்தாள், கையில் ஒரு சட்டி மீன்குழம்போடு. கணவர் காருக்குள்ளேயே இருந்தார். என் கணவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் கார் யன்னலுக்குள் குனிந்து நின்று பேசினார். பிறகு இரண்டு பேருமாக உள்ளே வந்தார்கள். கதிரைகள் ஏற்கெனவே விரித்தாயிற்று. அவர் ஒன்றில் இருந்தார்.

எழுபதுகளின் கடைசிப் பொதுக்கூட்டம். சங்கம் பெருத்துவிட்டது. பழைய கோபங்கள் ஆறியிருந்தன. டொக்டரை மறுபடி எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், முன்பைவிடக் கூடுதலாகவே. பதவியை விட்டவர், வீடு வீடாக நடந்தவர், பெரிய மனிதர். எதிர்த்தவர்களே கூடுதலாகப் புகழ்ந்தார்கள். புதிய தலைவர் எழுந்து, டொக்டரைச் சங்கத்தின் ஆயுட்காலக் காப்பாளராக நியமிக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். எந்த முடிவுக்கும் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். பெரிய கைதட்டல்.

அந்தக் கிழமைதான் நான் வகுப்பில் வேறொரு பாடம் எடுத்திருந்தேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியை எப்படி அழைப்பது என்று அந்தக் கனவான்கள் நாள்கணக்கில் சண்டை பிடித்த கதை. ராஜாக்களுக்குச் சொல்வது போல ஒரு நீண்ட பட்டம் வேண்டுமென்று சிலர் நின்றார்கள். கடைசியில் வெறும் ஜனாதிபதி என்ற சொல்லோடு நிறுத்தினார்கள். அரசரைத் துரத்திய கையோடு இன்னொருவரை அரசராக்கப் பார்த்தார்களே என்று பிள்ளைகளுக்கு நக்கலாகச் சொல்லியிருந்தேன். அதே கிழமை, அந்த மண்டபத்தில், ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றதும் என் கை எல்லோருக்கும் முன்னால் மேலே போனது. அவரோடு பிடித்த சண்டைக்கெல்லாம் ஈடு செய்வது போல ஒரு நிறைவு எனக்கு.

டொக்டர் எழுந்து வேண்டாம் என்றார். மண்டபம் அன்போடு சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் முகம் வெளிறியதை அப்போதுதான் கண்டேன். சிரிப்பு பாதியில் நின்றது.

எதிர்ப்பவர்கள் உண்டோ என்று தலைவர் ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. நடு வரிசையில் என் தோழியின் கை மேலே இருந்தது.

சிரிப்பு அடங்கியது. பழைய கணக்குத் தீர்க்கிறாள் என்று எனக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். அவளுடைய கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் சொல்லமுடியுமோ என்று தலைவர் கேட்டார். அவள் எழுந்தாள். கை இன்னும் கீழே வரவில்லை. குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"டொக்டர் நல்லவர். நல்லவர் எண்டபடியால்தானே எல்லாரும் தூக்கிறீங்கள். அண்டைக்கு எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லேக்கையும் அவர் நல்லவராத்தான் இருந்தவர்."

டொக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைவரிடம் திரும்பி, ஓர் உறுப்பினர் எதிர்க்கிறார், அவர் சொல்வது சரி, ஆகவே நான் ஏற்கமாட்டேன் என்றார். அந்த முறைதான் அவருடைய மறுப்பைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் எழுதியதை வெட்டினார். டொக்டர் அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பிவிட்டுத் தன் கதிரையில் இருந்தார்.

என் கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கினேன்.